மீந்த சாப்பாட்டை ஆற வைப்பது எப்படி

"நல்லா சூடு பண்ணிட்டா எல்லாக் கிருமியும் செத்துப்போயிடும்" என்று நம்பித்தான் பலர் மீந்ததை எடுத்துச் சாப்பிடுகிறார்கள். கிருமி சாகும், சரி. ஆனால் சில கிருமிகள் கக்கி வைத்த நஞ்சு அப்படியே இருக்கும். சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் (கெட்டியான உறைக்குள் உறங்கும் நிலை) அரிசியோடேயே வந்து, கொதியையும் தாங்கி, சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் முளைத்துப் பெருகி, 121 டிகிரி செல்சியஸிலும் அழியாத நஞ்சைச் சோற்றில் விட்டுவிடும். சாப்பிட்ட 6 மணி நேரத்துக்குள் வாந்தி.

அதனால் திரும்பச் சூடாக்குவதைவிட ஆற வைப்பதில்தான் கவனம் வேண்டும். 5 முதல் 60 டிகிரி வரைக்கும் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். தோதான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறைகூட இரட்டிப்பாகும். சமைத்த 2 மணி நேரத்துக்குள் மீந்தது ஃப்ரிட்ஜுக்குள் போயிருக்க வேண்டும். வெயில் கொளுத்தும் நாளில் 1 மணி நேரம்தான்.

அதற்காகப் பெரிய பாத்திரத்தை அப்படியே தூக்கி உள்ளே வைக்காதீர்கள். வெளிப்பக்கம் தொட்டால் ஜில்லென்று இருக்கும், நடுவில் கரண்டி விட்டுக் கிளறினால் ஆவி வரும்! இறைச்சிக் குழம்பில் அந்த நடுப்பகுதிதான் ஆபத்து: கொதித்ததில் காற்று வெளியேறிய அந்த இடம், காற்றில்லாமல் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமிக்கு ஏற்ற இடம். கூட்டத்துக்குச் சமைக்கும் இடங்களில் ஒரே நாளில் பலருக்கு வயிற்றுப்போக்கு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தட்டையான பாத்திரங்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றுங்கள், அவசரமென்றால் பாத்திரத்தைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் வைத்துக் கிளறுங்கள். அப்புறம் சாப்பிடும்போது வேண்டிய அளவு மட்டும் எடுத்து, நடுப்பகுதியும் 74 டிகிரி தொடும்வரை சூடாக்குங்கள்.

ஃப்ரிட்ஜையும் முழுக்க நம்ப வேண்டாம். லிஸ்டீரியா என்ற கிருமி அந்தக் குளிரிலும் மெதுவாக வளரும். தென்னாப்பிரிக்காவில் 2017-18இல் பதப்படுத்திய இறைச்சி வழியாக அது பரவி 200 பேருக்கு மேல் இறந்தார்கள், பிறந்த குழந்தைகள் உட்பட. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வகை இறைச்சியை ஆவி பறக்கச் சூடாக்காமல் கொடுக்கவே கூடாது.

பச்சையாகத் தின்னும் முளைகட்டிய பயறு விஷயத்திலும் எனக்குப் பயம் உண்டு. 2011இல் ஜெர்மனியில் ஈகோலை என்ற கிருமி பரவி 50 பேருக்கு மேல் இறந்ததற்குக் காரணம் முளைகட்டிய வெந்தயம். முளைக்க வைக்கும் ஈரமும் கதகதப்பும் கிருமிக்கும் பிடித்தவை, கழுவினாலும் முழுதாகப் போகாது, வேக வைத்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் உப்பு-சர்க்கரைக் கரைசலைச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ நீங்களாகப் பேதி நிறுத்தும் மாத்திரை கொடுக்காமல் உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.