எத்தனை மணிக்கு, எங்கே நின்று: மட்டக்களப்பில் அன்றாடத்தின் சின்ன மகிழ்ச்சிகளைக் காணும் முறை

கல்லடிப் பாலத்தால் நாளுக்கு இரண்டு தடவை போய்வருகிறவரை நிறுத்தி, இன்றைக்கு வாவித் தண்ணீர் என்ன நிறம் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. கண்ணில் பழுதில்லை. பழகிய ஒன்றை மூளை கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். புதுப் போன் வாங்கிய சந்தோசம் சில நாளில் மங்குவதும் இதே காரணத்தால்தான். வாவியோ ஒவ்வொரு நாளும் மாறுகிறது. மாரியில் வெள்ளம் வந்து கலங்கிச் செம்மண் நிறமாகும், முகத்துவாரம் வெட்டுப்பட்டதும் கடல்நீர் ஏறும், கோடையில் தெளிந்து கரை வெளிக்கும்.

சின்ன விடயங்களில் மகிழ்ச்சி காணுங்கள் என்று புத்தி சொல்பவர்கள் எந்த விடயம், எத்தனை மணிக்கு, எங்கே நின்று என்று சொல்வதில்லை. சின்ன மகிழ்ச்சிகளுக்கு நேரம் உண்டு. சில பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், சில வருடத்தில் இரண்டு வாரம்தான் இருக்கும். அந்த நேரத்தைத் தெரிந்துகொண்டு அங்கே போய் நிற்க வேண்டும். மனநிலை சரியாகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

இடமும் நேரமும்

முதலில் ஒரே ஒரு இடம். வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் நடந்துபோகக் கூடியதாக இருக்க வேண்டும். தூரமாக எடுத்தால் இரண்டாம் வாரத்தில் கைவிட்டுவிடுவீர்கள். எழுவான்கரையில் இருப்பவர்களுக்கு நல்ல வசதி: கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒடுங்கிய நிலம். களுவாஞ்சிக்குடி, கல்லாறு போன்ற ஊர்களில் காலையில் கடற்கரைக்கும் மாலையில் வாவிக்கரைக்கும் நடந்தே போகலாம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் சூரியன் வாவிப் பக்கத்தால் எழும்பி வயலுக்கு அப்பால் இறங்கும். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று அம்பாறைக் கரையோரம் முழுவதும் கடல் கிழக்கேதான். எங்கும் போக முடியாதவருக்கு ஒரு யன்னலும் ஒரு முருங்கை மரமும் போதும்.

இங்கே சூரியன் வருடம் முழுவதும் ஏறத்தாழ காலை 5.45க்கும் 6.20க்கும் இடையில் உதிக்கும், மாலை 5.40க்கும் 6.25க்கும் இடையில் மறையும். உதிப்பதற்கு இருபது நிமிடம் முந்தி போய் நில்லுங்கள். வானத்தின் நிறம் அப்போதுதான் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். சூரியன் வட்டமாக மேலே வந்தபிறகு போனால் நல்லது முடிந்துவிட்டது என்று வையுங்கள். எட்டு மணிக்குப் பிறகு வெயில் எல்லா நிறத்தையும் ஒன்றாக்கிவிடும்.

பத்து நிமிடம் போதும். போன் வீட்டில் இருக்கட்டும். படம் எடுக்கத்தானே என்று கொண்டுபோனால், படம் எடுத்த கையோடு பார்ப்பதும் நின்றுவிடும்.

கொப்பியில் மூன்று வரி

நாற்பது பக்கக் கொப்பி ஒன்றும் பேனையும். திரும்பி வந்ததும் மூன்று வரி எழுதுங்கள், கூட வேண்டாம். ஒரே ஒரு விதி: "அழகு", "அருமை", "மனதுக்கு இதம்" போன்ற சொற்கள் வரக் கூடாது. கண்டது, கேட்டது, மணத்தது மட்டும். "இன்று வாவி அழகாக இருந்தது" என்று எழுதினால் நாளைக்கும் அதையேதான் எழுதுவீர்கள். "கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே இடத்தில் அந்தரத்தில் நின்று சிறகடித்தது, நாலாம் தடவைதான் மீன் கிடைத்தது" என்று எழுதினால், நாளைக்கு எத்தனையாம் தடவையில் கிடைக்கிறது என்று பார்க்கக் கண் தானாகத் தேடும். கம்பியில் இருக்கும் நீல முதுகு மீன்கொத்தி வேறு வகை. அது பெரும்பாலும் பூச்சி புழுவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த வேறுபாடு தெரிந்த நாளிலிருந்து பஸ்ஸுக்கு நிற்கும் நேரமும் வீணாகாது.

2003இல் றொபேட் எமன்ஸ், மைக்கேல் மக்கலோ என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை நன்றி சொல்லத்தக்க ஐந்து விடயம் வரை பத்து வாரம் எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தம் வாழ்வு நன்றாயிருப்பதாக உணர்ந்தார்கள். ஆகவே நாள் தவறினால் குற்றவுணர்வு வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் ஆறுதலாக எழுதினாலும் பலன் உண்டு. தவறிய நாட்களுக்கும் சேர்த்து ஒரே இரவில் இட்டுக்கட்டி எழுதுவதுதான் வேலையைக் கெடுக்கும்.

கடலிலிருந்து எழும்பும் நிலா

கிழக்குக் கரையில் பிறந்தவர்களுக்குக் காசில்லாமல் கிடைக்கும் பெரிய காட்சி இது. போயா, அதாவது பூரணை, விடுமுறை நாள் என்பதால் வேலைக்குப் போகிறவர்களும் பார்க்கலாம்.

பூரணையன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே நிலா உதிக்கும். பிறகு ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். அதனால் பூரணையை ஒட்டிய மூன்று மாலைகளிலும் மூன்று விதமான நிலா. பூரணைக்கு முதல் நாள் வெளிச்சம் இருக்கும்போதே உதிப்பதால் வெளிறிய வெள்ளையாக இருக்கும், அடிவானத்தில் கண்டுபிடிப்பதே கஷ்டம். பூரணையன்று வானம் ஊதா நிறமாக மங்கும்போது மஞ்சளாக வரும். அடுத்த நாள் நன்றாக இருட்டியபிறகு செம்மஞ்சளாகக் கடலைவிட்டு எழும்பும். ஒரு நாள்தான் போக முடியும் என்றால் இந்த மூன்றாம் நாளைத் தெரிவுசெய்யுங்கள். கலண்டரில் உள்ள போயாவுக்கும் நிலா உண்மையில் முழுதாகும் கணத்துக்கும் ஒரு நாள் வித்தியாசம் வரலாம், ஆகவே முதல் மாலை சரிவரவில்லை என்றால் சலிக்காமல் அடுத்த மாலையும் போங்கள்.

உதிக்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முந்திப் போய், தெருவிளக்குக்கு முதுகு காட்டி மணலில் இருங்கள். கடல்மேல் புகார் இருந்தால் சொன்ன நேரத்துக்கு ஐந்து பத்து நிமிடம் பிந்தித்தான் கண்ணில் படும். வரவில்லை என்று எழும்பிப்போகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடத்தில்தான் தவறவிடுகிறார்கள். விளிம்பு தெரிந்ததும் கண்ணை எடுக்க வேண்டாம். முழுவட்டமும் கடலைவிட்டு வெளியேற ஏறத்தாழ இரண்டு நிமிடந்தான் செல்லும். எந்தப் பக்கம் பார்ப்பது? டிசம்பர், ஜனவரிப் பூரணை நேர்கிழக்கிலிருந்து வடக்கே விலகியும், யூன், யூலைப் பூரணை தெற்கே விலகியும் உதிக்கும்.

அடிவானத்தில் நிலா பெரிதாகத் தெரிவது கண்ணின் மயக்கம். கையை முழுதாக நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள், முழுதாக மறைந்துவிடும். இரவு ஒன்பது மணிக்கு உச்சிப் பக்கம் ஏறியபிறகு அதே விரலால் மறைத்துப் பாருங்கள், அதே அளவுதான். பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டினால் அடுத்த போயாவுக்கு அவர்களே உங்களை இழுத்துக்கொண்டு போவார்கள்.

நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை முகில் கெடுக்கும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் யூன், யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வானம் பெரும்பாலும் வெளித்திருக்கும்.

வாவிக்குக் காது கொடுத்தல்

மீன் பாடும் தேன்நாடு என்று ஊருக்கே பெயர் வந்த ஒலியைக் கேட்டவர்கள் ஊரிலேயே குறைவு. 1848இல் இங்கு வந்த, இலங்கையின் காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் இதைக் கேட்டு எழுதிவைத்தார். பாடுவது மீனா, ஊரி என்ற நத்தை வகையா என்ற கேள்வி இன்னும் முடியவில்லை.

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, காற்றில்லாத நிலா இரவு, கல்லடிப் பழைய பாலத்தை அண்டிய நீர்ப்பரப்பு. தோணிக்காரரைக் கூட்டிக்கொண்டு, வாகனம் குறைந்தபின் போங்கள். இயந்திரப் படகு வேண்டாம். மரத்துடுப்பின் அகன்ற பக்கத்தைத் தண்ணீருக்குள் ஆழமாக நிறுத்தி, கைப்பிடி முனையில் காதை ஒட்டி வையுங்கள். நீரிலிருந்து ஒலி காற்றுக்கு ஏறுவதில்லை, ஏறக்குறைய முழுவதும் மேற்பரப்பில் பட்டு உள்ளே திரும்பிவிடும். மரம் அதைக் காதுக்குக் கொண்டுவரும். துடுப்பு தோணியின் விளிம்பில் முட்டினால் தோணியின் சத்தம்தான் கேட்கும்.

பாட்டை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். மெல்லிய ரீங்காரம், இடையிடையே ஒரு முனகல், அவ்வளவுதான். சில இரவு அதுவும் இராது. அப்போதும் பத்து நிமிடம் காதை எடுக்காமல் இருங்கள். தண்ணீருக்குள் சொடுக்கும் சத்தங்கள், நீரோட்டம் மரத்தில் உரசுவது எல்லாம் மெல்ல மெல்லப் பிரிந்து கேட்கும்.

வீட்டுக்குள்

மண்வாசனை: மண்ணில் வாழும் பக்றீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் இதற்கு ஒரு முக்கிய காரணம். காய்ந்த மண்ணில் மெல்லிய தூறல் விழும் முதற் சில நிமிடந்தான் வாசம் கூட. கொட்டும் மழையில் குறைந்துவிடும். சீமெந்து முற்றத்தில் நின்றால் இவ்வளவு கிடைக்காது. கோடை முடிந்து செப்டெம்பர், ஒக்டோபரில் பின்னேர இடி முழங்கும்போது, உடுப்பு எடுக்க ஓடுகிறவரோடு சேர்ந்து நீங்களும் மண்முற்றத்துக்கு ஓடுங்கள்.

தேத்தண்ணி: ஒரு தேக்கரண்டி தேயிலை, 200 மில்லிலீற்றர் கொதிநீர், மூடி மூன்று நிமிடம். வடித்து ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். மிகுந்த சூட்டில் நாக்குக்குச் சுவை தெரியாது. முதல் மூன்று மிடறுக்கும் பேச்சில்லை, செய்தி இல்லை. மிச்சத்தை எப்படியும் குடியுங்கள்.

தயிர் முட்டி: இரவு போட்டுக் காலையில் திறப்பது எதுவாக இருந்தாலும் அதில் ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது, அதனால் இது கட்டாயம் செய்யத்தக்கது. ஒரு லீற்றர் எருமைப்பாலைக் கொதிக்கவைத்து, அடுப்பைத் தணித்துப் பத்து நிமிடம் வைத்திருங்கள். சுண்டுவிரலைப் பத்துவரை எண்ணும்மட்டும் தாங்கும் சூட்டுக்கு ஆறியதும், ஒரு மேசைக்கரண்டி பழைய தயிரைக் கொஞ்சப் பாலில் கரைத்து ஊற்றிக் கலக்குங்கள். முட்டியில் ஊற்றி மூடி, எட்டு முதல் பத்து மணித்தியாலம் அசைக்காமல் விடுங்கள். புது முட்டியென்றால் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவைக்காவிட்டால் மண் மணக்கும். பால் சூடாக இருக்கும்போது உறை ஊற்றினால் தண்ணீர் பிரியும். இடையில் திறந்து சரித்துப் பார்த்தால் உடைந்துவிடும். மார்கழிக் குளிரில் இரண்டு மணித்தியாலம் கூடுதலாகச் செல்லும். மண் தண்ணீரை உறிஞ்சுவதால்தான் முட்டித் தயிர் வெட்டி எடுக்கும்படி இறுகுகிறது, பிளாஸ்டிக் பாத்திரத்தில் அந்த இறுக்கம் வராது.

நெல் பூக்கும் நேரம்

வயலுக்குள் வளர்ந்தவர்கள்கூட நெற்பூவை நின்று பார்ப்பது குறைவு. கதிர் வெளிவந்ததும், வெட்டுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முந்தி இது நடக்கும். மாரிமழையோடு விதைக்கும் பெரும்போகத்தில் பெரும்பாலும் ஜனவரியை ஒட்டி. ஒவ்வொரு மணியும் பெரும்பாலும் காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் வாய்திறந்து, வெளிறிய மகரந்தப் பைகளை வெளியே தொங்கவிட்டு, பிறகு மூடிக்கொள்ளும். கதிரின் மேல்பக்கம் முதலில், கீழ்ப்பக்கம் பிறகு. வரம்பில் குந்தியிருந்து ஒரே கதிரைப் பாருங்கள். கையால் உலுப்பக் கூடாது. வயற்காரரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு இறங்குவது மரியாதை.

படுவான்கரையிலும் அம்பாறையின் உட்பகுதிகளிலும் வயலோரம் யானை வரும். விடியலிலும் மைம்மலிலும் அங்கே தனியே நிற்க வேண்டாம். வாவியின் பற்றைக் கரைகளில் முதலை உண்டு, தண்ணீரில் கால் வைத்து இருக்காதீர்கள். டெங்கு நுளம்பு கூடுதலாகக் கடிப்பதும் காலையிலும் மாலையிலும்தான், அதனால் நீளக் காற்சட்டை போடுங்கள்.

கண்டதை ஒன்றாக ஆக்குதல்

கொப்பி நிறையும்போது கை சும்மா இராது. தமிழ், முஸ்லிம் கிராமங்கள் இரண்டிலும் பாடப்பட்ட நாலடிக் கவி இந்த மண்ணின் வடிவம். அவற்றில் பல, கண்ணில் பட்ட ஒரு பொருளோடு தொடங்கி, பிறகு மச்சானையோ மச்சியையோ விளித்து மனதிலுள்ளதைச் சொல்லும். அந்த வாரத்து வரிகளில் ஒன்றை முதல் இரண்டு அடியாக வைத்து, மிச்சம் இரண்டில் ஒரு ஆளோடு பேசுங்கள். எதுகை பிசகினால் பரவாயில்லை, பொருள் கண்டதாக இருக்க வேண்டும். எழுத்து வராதவர்கள் நிறத்தைப் பிடிக்கலாம்: விடியலில் கண்ட மூன்று நிறத்தைக் குறித்து, மருதமுனைக் கைத்தறிச் சேலைகளில் அந்தச் சேர்க்கை எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் விருப்பமில்லை, நித்திரையும் சாப்பாடும் குழம்பிவிட்டது என்றால் அது இந்தப் பயிற்சியால் தீரும் விடயமில்லை. வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

மற்றவர்கள் ஒவ்வொரு போயாவன்றும் கொப்பியை முதலிலிருந்து வாசியுங்கள். எந்த நேரத்தில் எழுதிய வரிகள் உயிரோடு இருக்கின்றன என்று தெரிந்துவிடும். அடுத்த மாதம் அந்த நேரத்தை வைத்துக்கொண்டு, ஒரு நல்ல வரிகூடத் தராத நேரத்தை மாற்றுங்கள்.