1 எம்எம் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷீட்ல டிக் வெல்டிங், ஓட்டை விழாம அடிக்க

புதுசா டிக் (டங்ஸ்டன் முனையில ஆர்க், அதாவது மின்பொறி எடுத்து, ஆர்கான் கேஸ் பாதுகாப்புல அடிக்கிற வெல்டிங்) கத்துக்கிறவங்க மெல்லிசு ஷீட்ல ஓட்டை விழுந்தா உடனே ஆம்ப்ஸ (கரண்ட் அளவ) குறைக்கிறாங்க, ஆனா பாதி நேரம் பிரச்சனை ஆம்ப்ஸ்ல இல்ல, ரெண்டு ஷீட்டுக்கும் நடுவுல இருக்கிற கேப்லதான். முடி அளவு கேப் இருந்தாலும் ஓரம் ரெண்டும் உருகி பின்னாடி ஓடிடும். அதனால முதல்ல ஓரத்த ஃபைல் போட்டு ஒட்ட வச்சு, அசிட்டோன்ல துடைச்சு, ஒரு இன்ச்சுக்கு ஒரு டேக் (சின்னப் புள்ளி வெல்டு) போடுங்க. பின்னாடி ஒரு செப்புப் பட்டைய கிளாம்ப் பண்ணிட்டா சூட்ட அது இழுத்துக்கும், இது ஒண்ணு பண்ணாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

செட்டிங்னு பாத்தா டிசி, டார்ச் நெகட்டிவ்ல, 30லேர்ந்து 40 ஆம்ப்ஸ், 1.6 எம்எம் டங்ஸ்டன். முனைய நீளவாக்குல தேய்ங்க, குறுக்க தேய்ச்சா ஆர்க் அலையும். முனைக்கும் ஷீட்டுக்கும் ஒன்றரை எம்எம்தான் இடைவெளி, தூக்கினீங்கன்னா சூடு பரவி ஷீட் வளைஞ்சுரும். 304 கிரேடு எஸ்எஸ்க்கு 308எல் ஃபில்லர் (உருக்கிச் சேர்க்கிற ராடு), ராடு ஷீட்ட விட தடியா வேண்டாம்.

நிறம் பாருங்க, வெல்டு தங்க நிறத்துல இருந்தா நல்லது, கருஞ்சாம்பல்னா சூடு அதிகம், இல்லன்னா ஆர்கான் பத்தல. முடிச்சதும் டார்ச்ச உடனே தூக்காதீங்க, கேஸ் நிக்கிற வரைக்கும் அங்கேயே புடிங்க.

இன்னொண்ணு, குளோரின் இருக்கிற பிரேக் கிளீனர்ல துடைச்சுட்டு வெல்டு வைக்கவே வைக்காதீங்க, ஆர்க் பட்டா பாஸ்ஜீன் விஷவாயு வரும்.