முதல் வெளிநாட்டுக் கடற்கரைப் பயணம்: படம் சொல்லாத விஷயங்களும் நாம் செய்யும் தவறுகளும்

நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்து நிற்கும் ஒரு தென்னை. முதல் முறையாக வெளிநாட்டுக் கடற்கரைக்குக் கிளம்பும் பலருடைய திட்டமும் இப்படி ஒரு படத்தில்தான் தொடங்குகிறது. படம் பொய் சொல்வதில்லை. ஆனால் எந்த மாதம் எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது, அலைக்கு அடியில் என்ன ஓடுகிறது என்பதையெல்லாம் அது சொல்வதும் இல்லை. முதல் பயணத்தில் நாம் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

முதலில் மாதம். டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று உடனே பதிவு செய்துவிடுகிறோம். கடற்கரை ஊர்களில் அந்த மலிவுக்குக் காரணம் பல நேரம் வானிலைதான். புக்கெட், கிராபி எல்லாம் இருக்கும் தாய்லாந்தின் மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். அப்போது மழையைவிடக் கடல் கொந்தளிப்புதான் பெரிய தொல்லை. அதே நாட்டில், வளைகுடாப் பக்கம் இருக்கும் கோ சமூயில் கதை வேறு. அங்கே ஜூலையில் கடல் பரவாயில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கனமழை. ஆகவே தாய்லாந்துக்கு எப்போது போகலாம் என்று கேட்டுப் பயனில்லை, எந்தக் கரைக்குப் போகிறோம் என்று பார்க்க வேண்டும். பாலியில் நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். கரீபியன் பக்கம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். மழைக்காலத்தில் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கூட்டம் இருக்காது, அறையும் மலிவு. கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருப்பதுதான் திட்டம் என்றால் அதுவே நல்ல காலம். நீந்தத்தான் போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

அப்புறம் மணி. தான்சானியாவின் சான்சிபார் தீவில், கிழக்குக் கரையில், பாஜே போன்ற இடங்களில், தினமும் கடல் வற்றும் நேரத்தில் தண்ணீர் பல நூறு மீட்டர் உள்ளே போய்விடும். படத்தில் பார்த்த நீலம் இருந்த இடத்தில் ஈர மணலும் பாசியும்தான் இருக்கும். வடமுனையில் இருக்கும் நுங்குவியில் இந்தத் தொல்லை குறைவு. பாலியின் சனூரிலும் வற்றும் நேரத்தில் நீந்தும் அளவுக்குத் தண்ணீர் இருக்காது. கடல் ஏறும், வற்றும் நேரங்களை நாள்வாரியாகச் சொல்லும் அட்டவணைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அறை பதிவு செய்வதற்கு முன்பே, ஊர் பெயரோடு சேர்த்து அதைத் தேடிவிடுங்கள். விளம்பரத்தில் 'கடல் தெரியும் அறை' என்றிருப்பதும் 'கடலோர அறை' என்றிருப்பதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் ஒரு கீற்று நீலம் தெரிந்தாலும் அது கடல் தெரியும் அறைதான்!

விமானம் தரையிறங்கியதோடு பயணம் முடிந்துவிட்டதாக நினைப்பது இன்னொரு தவறு. தீவு என்றால் அதற்கு மேல் ஒரு படகோ சிறு விமானமோ பாக்கி இருக்கும். மாலத்தீவில் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலையில் போய் இறங்கினால், தொலைவில் இருக்கும் ரிசார்ட்டுக்கு மறுநாள் காலைதான் போக முடியும். அந்த ஒரு இரவுக்குத் தனியாக அறை எடுக்க வேண்டும். திரும்பும்போதும் இதே கவனம் தேவை. அலை அதிகமானால் படகை நிறுத்திவிடுவார்கள். கடைசி இரவைத் தீவில் கழிக்காமல் விமான நிலையம் இருக்கும் ஊரில் கழிப்பதுதான் பாதுகாப்பு.

இனி கடல். நீச்சல் தெரியும் என்ற தைரியம்தான் இங்கே ஆபத்து. நீச்சல் குளத்தில் தண்ணீர் நம்மை எங்கும் இழுத்துக்கொண்டு போவதில்லை. கடலில் 'ரிப் கரண்ட்' என்று ஒன்று உண்டு. கரைக்கு அடித்து வந்த அலைநீர் மொத்தமும் திரும்பிப் போக ஒரு வழி வேண்டுமே, மணல்மேடுகளுக்கு நடுவே கிடைக்கும் பள்ளத்தில் புகுந்து ஒரே ஓட்டமாகக் கடலுக்குள் பாயும். பலமான நேரத்தில் அதன் வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக் வீரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது. இதில் மோசம் என்னவென்றால், அது பார்க்கச் சாதுவாக இருக்கும். இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடையும்போது, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் இருண்ட நிறத்தில் அமைதியாகக் கிடக்கும். இறங்க வசதியான இடம் என்று புதியவர்கள் தேடிப்போய் இறங்குவது அங்கேதான்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். அது உங்களை அடியில் இழுக்காது, வெளியேதான் தள்ளிக்கொண்டு போகும். மல்லாந்து மிதங்கள், கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரைக்கும் அலை இருக்கும் இடத்துக்கு வாருங்கள். அந்த அலையே உங்களைக் கரைக்குத் தள்ளும். களைத்துப்போவதுதான் ஆளைக் கொல்கிறது. மாட்டியவரைக் காப்பாற்ற வெறுங்கையோடு குதிப்பவரும் சேர்ந்து மூழ்கிய சம்பவங்கள் நிறைய உண்டு. மிதக்கும் எதையாவது, காலி கேனாக இருந்தாலும் சரி, தூக்கி எறியுங்கள்.

கொடிகளைப் பார்க்காமல் இறங்க வேண்டாம். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த இரண்டு கொடிகள் இருந்தால், அவற்றுக்கு நடுவே உயிர்காப்பாளரின் கண் இருக்கிறது என்று பொருள். வெறும் சிவப்பு என்றால் ஆபத்து, இறங்காதீர்கள். பல நாடுகளில் ஊதாக் கொடி என்றால் சொறிமீன் (ஜெல்லி மீன்) போன்றவை வந்திருக்கின்றன என்று அர்த்தம். சொறிமீன் பட்டுவிட்டால் தேய்க்கவோ நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவவோ கூடாது. தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் இன்னும் வெடித்து விஷத்தை இறக்கும். கடும் விஷமுள்ள பெட்டிச் சொறிமீன் உலவும் கடற்கரைகளில் வினிகர் பாட்டிலே வைத்திருப்பார்கள். ஆனால் எல்லா வகைக்கும் வினிகர் சரிவராது என்பதால், முதலில் உயிர்காப்பாளரிடம் ஓடுவதே நல்லது.

கடல் திடீரென்று பின்வாங்கித் தரை தெரிந்தால் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள், மேட்டுக்கு ஓடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று புக்கெட்டின் மாய் காவ் கடற்கரையில், பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தாள். இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்து, சுனாமி வருகிறது என்று எச்சரித்தாள். அவள் பேச்சைக் கேட்டு அந்தக் கடற்கரையையே காலி செய்தார்கள்.

வெயிலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் முதல் நாளே வெந்துபோகிறோம். கடல்காற்று குளிர்ச்சியாக இருப்பதால் சூடு உறைப்பதில்லை. மேகம் இருந்தாலும் புற ஊதாக் கதிர் இறங்கும். வானிலைச் செயலியில் வெப்பநிலையைவிடப் புற ஊதா அளவைப் பாருங்கள். 3 ஆனாலே பாதுகாப்பு வேண்டும், 8 என்றால் மிக அதிகம், 11-க்கு மேல் போனால் நடுப்பகலில் நிழலை விட்டு வராதீர்கள். சன்ஸ்கிரீனைக் காலையில் ஒருமுறை பூசிவிட்டு மறந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீரை விட்டு ஏறும் ஒவ்வொரு முறையும் மறுபடி பூச வேண்டும். ஸ்நார்க்கல் எனும் மூச்சுவிடும் குழாயை மாட்டிக் குப்புற மிதந்தபடி மீன் பார்க்கப் போகிறீர்களா? முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் என் முதுகும் கெண்டைக்காலும் சிவந்து, பிறகு மூன்று இரவு குப்புறப் படுத்தே தூங்கினேன். எந்த சன்ஸ்கிரீன் என்பதிலும் விதி உண்டு. பவளப்பாறைகளைக் காக்க, ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற வேதிப்பொருட்கள் கலந்தவற்றை விற்க ஹவாய் 2021-இல் தடை விதித்தது. பசிபிக் தீவு நாடான பலாவு 2020-லேயே இன்னும் கடுமையான தடையைக் கொண்டுவந்துவிட்டது.

பணம் அதிகம் கரைவது வாடகை ஸ்கூட்டரிலும் ஜெட் ஸ்கியிலும். திருப்பிக் கொடுக்கும்போது பழைய கீறலைக் காட்டி இழப்பீடு கேட்பது பல கடற்கரைகளில் பழைய தந்திரம். ஓட்டுவதற்கு முன், கடைக்காரர் முன்னாலேயே வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நகலோ முன்பணமோ வாங்கிக்கொள்ளாத கடை வேண்டாம். இதைவிடப் பெரிய சிக்கல் உரிமம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியைச் சொந்த நாட்டிலேயே, கிளம்பும் முன் வாங்கியிருக்க வேண்டும். கார் பிரிவு மட்டும் இருக்கும் அனுமதியில் ஸ்கூட்டர் ஓட்டினால் அது உரிமம் இல்லாமல் ஓட்டுவதுதான். கடைக்காரர் இதையெல்லாம் கேட்க மாட்டார், ஆனால் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். உரிமம் இல்லாமலோ குடித்துவிட்டோ ஓட்டியதால் வந்த காயத்துக்குப் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் பணம் தருவதில்லை. அந்த ஒரு பத்தியை மட்டுமாவது வாங்கும் முன் படித்துவிடுங்கள்.

கார்டு தேய்க்கும்போது உங்கள் நாட்டுப் பணத்திலா, உள்ளூர்ப் பணத்திலா என்று இயந்திரம் கேட்டால் உள்ளூர்ப் பணம் என்று அழுத்துங்கள். மற்றதில் மாற்று விகிதம் நமக்கு நஷ்டமாகவே இருக்கும்.

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இந்தோனேசியா போன்ற நாடுகள் அதில் விட்டுக்கொடுப்பதில்லை. பவர் பேங்க் கைப்பையில் வர வேண்டும், பெரிய பெட்டியில் போடக்கூடாது. மருந்து கொண்டுபோனால் மருந்துச் சீட்டும் சேர்ந்து வரட்டும். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கே பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. மின்சிகரெட் பிடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், தாய்லாந்தில் அதற்குத் தடை. மாலத்தீவுக்கு மது கொண்டுபோக முடியாது. அங்கே ரிசார்ட்டில் பிகினி சரி, ஆனால் மக்கள் வசிக்கும் தீவுகளில் அதற்கென்று ஒதுக்கிய கரையில் மட்டும்தான்.

கடைசி நாளில் ஆழ்கடல் முக்குளிப்பு (ஸ்கூபா) வைத்துக்கொள்ளாதீர்கள். உடலில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். ஒரே ஒரு முறை முக்குளித்திருந்தால் 12 மணி நேரமும், பல முறை என்றால் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது. பலர் ஒரு முழு நாளே இடைவெளி விடுகிறார்கள். அந்தக் கடைசி நாளைக் கரையில் நடந்து கழிக்கலாம், சிப்பி பொறுக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். மாலத்தீவிலிருந்து பவளத்தையும் ஆமையோட்டையும் கொண்டுவர அனுமதி இல்லை. இத்தாலியின் சார்டீனியாவில் கடற்கரை மணலை எடுத்துப் போனால் 3,000 யூரோ வரை அபராதம். அறையைக் காலி செய்யும்போது செருப்பையும் பையின் அடியையும் ஒருமுறை உதறிவிட்டுக் கிளம்புங்கள்.