மாதம் தவறாத லினக்ஸ் சந்திப்பு: நடத்துவது எப்படி

லினக்ஸ் பயனர் குழுக்கள் கலைவது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான். பேச வேண்டியவரால் கடைசி நேரத்தில் வரமுடியாமல் போகும், சந்திப்பைத் தள்ளிவைப்பார்கள். அடுத்த மாதம் இடம் கிடைக்காது. மூன்றாம் மாதம் எப்போது சந்திப்பு என்று யாரும் கேட்கவே மாட்டார்கள். அதனால் இங்கே சொல்லும் ஏற்பாடுகளுக்கெல்லாம் ஒரே நோக்கம்தான்: யார் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நாளில் கதவு திறந்திருக்க வேண்டும்.

நாளைக் கிழமையாக நிர்ணயியுங்கள்

‘மாதம் ஒருமுறை, தேதி பின்னர்’ என்று விட்டால் ஒவ்வொரு மாதமும் தேதி பேசியே சலிப்பு வந்துவிடும். ‘இரண்டாம் சனிக்கிழமை மாலை’ என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாம் சனிக்கிழமை எப்போதும் 8 முதல் 14 தேதிக்குள்தான் வரும். அதற்கு ஒரு வாரம் முன்பு வருவது முதல் சனிக்கிழமை. அதாவது 1 முதல் 7 வரை. நினைவூட்டல் போக வேண்டிய நாள் அதுதான்.

இதைக் கிரானில் (cron, குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் லினக்ஸ் கருவி) போடுகிறவர்கள் வழக்கமாக ஓரிடத்தில் தவறுகிறார்கள். தேதிப் புலத்தில் 1-7, கிழமைப் புலத்தில் 6 (சனிக்கிழமை) என்று எழுதினால் முதல் சனிக்கிழமை மட்டும் ஓடும் என்று தோன்றும். ஆனால் இரண்டு புலமும் நிரம்பியிருந்தால் கிரான் அதை ‘இது அல்லது அது’ என்றே எடுத்துக்கொள்ளும். 1 முதல் 7 வரை தினமும், அது போக எல்லாச் சனிக்கிழமையும் நினைவூட்டல் போய்க்கொண்டிருக்கும். கிழமைப் புலத்தில் மட்டும் 6 வைத்து, இன்றைய தேதி 7-ஐத் தாண்டவில்லையா என்பதை ஸ்கிரிப்ட்டுக்குள் சோதியுங்கள். கிரானுக்கு மாற்றாக உள்ள சிஸ்டம்டி டைமரில் (systemd timer) கிழமை, தேதி இரண்டும் பொருந்தினால்தான் வேலை ஓடும்; அங்கே இந்தத் தொல்லை இல்லை.

நினைவூட்டலில் நாள், நேரம், இடத்துக்குள் வரும் வழி, தலைப்பு, மடிக்கணினி தேவையா, வாசலில் யாரை அழைப்பது ஆகியவை இருந்தால் போதும். ‘புதியவர்களுக்குப் புரியுமா’ என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அந்த வரி இல்லாததால் வராமல் போகிறவர்கள் பலர்.

இடம்

சாவி எப்போதும் இருவரிடம் இருக்கட்டும். விடுமுறை நாளில் கட்டடத்தை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், திரைக்கு நேர் மேலே உள்ள விளக்கை மட்டும் தனியாக அணைக்க முடியுமா என்று முன்கூட்டியே பாருங்கள். மின்சாரக் கணக்கையும் போட்டுவிடுங்கள். ஒரு மடிக்கணினி சார்ஜர் 65 வாட் என்றால் 20 பேருக்கு 1300 வாட். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 5.7 ஆம்பியர். இத்தனையும் ஒரே நீட்டிப்புப் பலகையில், அதிலிருந்து இன்னொரு பலகை என்று தொடராகப் போகக்கூடாது. சுவரின் வெவ்வேறு பிளக்குகளிலிருந்து இரண்டு மூன்று பலகைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பேச்சும் மாற்றுப் பேச்சும்

இரண்டு மணி நேரச் சந்திப்பு என்றால், ஆட்கள் வந்து சேர 15 நிமிடம், அறிமுகத்துக்கு 10, பேச்சுக்கு 40, கேள்விக்கு 15, மிச்சம் 40 நிமிடம் அவரவர் கணினிச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ள. கடைசி 40 நிமிடத்தைப் பேச்சு தின்றுவிட விடாதீர்கள். பலர் அடுத்த மாதமும் வருவது அந்த நேரத்துக்காகத்தான்.

ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவரிடம் 30 நிமிடப் பேச்சு ஒன்று எந்நேரமும் தயாராக இருக்கட்டும். தொலைக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் (SSH) சாவிகள், ஜர்னல்சிடிஎல் (journalctl) காட்டும் கணினிப் பதிவுகளில் பிழை தேடுவது, ஆர்சிங்க் (rsync) கொண்டு கோப்புகளை நகலெடுப்பது போன்ற எளிதில் பழசாகாத தலைப்பாகப் பாருங்கள். அதுவும் முடியாத நாளில் மூன்று பேர் தலா ஐந்து நிமிடம், தாங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரே ஒரு கருவியைக் காட்டட்டும். பேச்சாளர் வராத செய்தி கிடைத்ததும் தலைப்பை மட்டும் மாற்றி அறிவியுங்கள்; நாளைத் தொடாதீர்கள்.

தலைப்பு குறுகலாக இருப்பது நல்லது. ‘பேக்அப்’ என்றால் 40 நிமிடம் போதாது. ‘ரெஸ்டிக் (restic) என்ற பேக்அப் மென்பொருள் கொண்டு வீட்டுக் கணினியைத் தினமும் பேக்அப் எடுத்து, அழிந்த ஒரு கோப்பை மீட்பது’ என்றால் போதும், வந்தவரும் வீட்டுக்குப் போய்ச் செய்து பார்ப்பார். ஆண்டுக்கான தலைப்புகளை நாட்காட்டியோடு பொருத்தலாம். மார்ச் 31 உலக பேக்அப் தினம். மென்பொருள் சுதந்திர தினம் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை. இரட்டைப்படை ஆண்டுகளில் ஏப்ரலில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு வரும். ஆனால் மேம்படுத்துவது பற்றிய பேச்சை ஏப்ரலில் வைக்காதீர்கள். பழைய நீண்டகாலப் பதிப்பில் இருப்பவர்களுக்கு மேம்படுத்தச் சொல்லும் அறிவிப்பு, முதல் திருத்த வெளியீடு வந்த பிறகே தோன்றும். அது கோடையைத் தாண்டி வரும். அப்போது வைத்தால் கேட்பவர்களுக்கு அன்றே பயன்படும்.

திரையில் காட்டும்போது

பேச்சாளர் அரை மணி முன்பே வந்து புரொஜெக்டரில் இணைத்துப் பார்க்க வேண்டும். எச்டிஎம்ஐ கேபிள், விஜிஏ மாற்றி, யுஎஸ்பி-சி மாற்றி மூன்றும் குழுவின் பையிலேயே கிடக்கட்டும். யுஎஸ்பி-சி மாற்றியை மட்டும் நம்பாதீர்கள். எல்லா யுஎஸ்பி-சி துளைகளிலும் காட்சி வெளிவராது, சிலவற்றில் சார்ஜும் தரவும் மட்டுமே போகும். புரொஜெக்டர் 1024×768 அல்லது 1280×800 என்று இருந்தால் மடிக்கணினியின் அகலத் திரை அதில் ஓரம் வெட்டப்பட்டோ சுருங்கியோ தெரியும். லினக்ஸில் திரையைக் கையாளும் முறைகள் எக்ஸ்11, வேலண்ட் என இரண்டு. எக்ஸ்11 அமர்வில் எக்ஸ்ரேண்டர் (xrandr) கட்டளையால் அதைச் சரிசெய்யலாம். வேலண்ட் அமர்வில் அந்தக் கட்டளையை நம்பாமல் டெஸ்க்டாப் அமைப்புகளிலேயே மாற்றுங்கள். திரை தானாக அணைவதையும் அறிவிப்புகளையும் நிறுத்தி வையுங்கள்.

டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) எழுத்துதான் மிக அதிகமாகப் பாழாகும் விஷயம். 80 எழுத்து அகலம், 20 முதல் 24 வரி உயரம் மட்டுமே தெரியும் அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்குங்கள்; ‘எஸ்டிடிஒய் சைஸ்’ (stty size) என்ற கட்டளை வரியையும் அகலத்தையும் எண்ணிச் சொல்லிவிடும். பிறகு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். வெளிச்சம் குறைந்த புரொஜெக்டரில் கறுப்புப் பின்னணி மங்கிவிடும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். கடைசி வரியில் தட்டச்சு செய்தால் முன்னால் இருப்பவர் தலை மறைக்கும், அவ்வப்போது டெர்மினலில் உள்ளதை அழித்து மேலிருந்து தொடங்குங்கள்.

நேரடிச் செயல்விளக்கத்தை மெய்நிகர் கணினியில், ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துச் செய்யுங்கள்; கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். தேவையான பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) முன்பே இறக்கி, இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒருமுறை முழுதும் ஓட்டிப் பாருங்கள். கட்டளைகள் ஒரு கோப்பில் இருக்கட்டும், பதற்றத்தில் கை தடுமாறும்போது ஒட்டிக்கொள்ளலாம். டெர்மினலில் நடப்பதைப் பதியும் அஸ்கினிமாவில் (asciinema) பதிந்த ஒரு பிரதியும் கையில் இருந்தால் எது நடந்தாலும் பேச்சு நிற்காது.

பதிவு செய்வதானால் பேச்சாளரிடம் முன்பே அனுமதி கேளுங்கள். ஓபிஎஸ் (OBS) என்ற பதிவு மென்பொருளில் எம்கேவி வடிவத்தில் பதியுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது பிழைக்கும். வழக்கமான எம்பி4 என்றால் கோப்பு மொத்தமும் திறக்காமல் போகலாம். கேள்வி கேட்பவரிடம் ஒலிவாங்கி இராது. ஒவ்வொரு கேள்வியையும் பேச்சாளர் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லட்டும்.

நிறுவல் உதவி

15 பேர் ஆளுக்கு 5 ஜிபி ஐஎஸ்ஓவை (லினக்ஸ் நிறுவலுக்கான கோப்பு) அங்கேயே இறக்கினால் மொத்தம் 75 ஜிபி. 50 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் போனாலும் 3 மணி 20 நிமிடம் ஆகும்; சந்திப்பே முடிந்துவிடும். ஐஎஸ்ஓக்களை வீட்டிலேயே இறக்கி, கோப்பு சிதையாமல் வந்ததா என்று எஸ்எச்ஏ256 (SHA256) கொண்டு சரிபார்த்து, நான்கைந்து யுஎஸ்பி 3.0 பென்டிரைவில் கொண்டுவாருங்கள். டிடி (dd) கட்டளையால் பென்டிரைவில் எழுதும்போது முதலில் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளை கொண்டு சாதனத்தின் பெயரையும் அளவையும் பாருங்கள். ஒரு எழுத்து மாறினால் அழிவது உங்கள் வட்டு. எழுத வேண்டியது முழுச் சாதனத்தின் மேல், அதாவது எஸ்டிபி (sdb) போன்ற பெயர். எஸ்டிபி1 என்ற பகிர்வின் (சாதனத்தின் ஒரு பகுதி) மேல் எழுதினால் அதிலிருந்து கணினி எழாது. பொதிகளுக்கு ஒரு பழைய கணினியில் இறக்கிய பொதிகளைச் சேமித்து வைக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி (apt-cacher-ng) ஓட்டினால் (3142 போர்ட்) ஒருவர் இறக்கியது அடுத்தவருக்கு உள்ளிருந்தே கிடைக்கும். எச்டிடிபிஎஸ் களஞ்சியங்களை அது சேமிக்காது. பொது வைஃபையில் ஒரு கணினி இன்னொன்றைப் பார்க்கவிடாமல் தடுத்திருப்பார்கள். சொந்த ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவருவதே வழி.

விண்டோஸ் இருக்கும் கணினியில் கை வைக்குமுன் மூன்றைப் பாருங்கள். முதலாவது, வட்டைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர். இயக்கியிருந்தால் மீட்புச் சாவி உரிமையாளர் கையில் வரும்வரை பயாஸை (கணினி எழும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புகளை) தொட வேண்டாம். செக்யூர் பூட் (Secure Boot, நம்பகமற்ற மென்பொருள் எழுவதைத் தடுக்கும் பயாஸ் அமைப்பு) வசதியை அணைத்ததும் அடுத்த முறை விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கும், இல்லாவிட்டால் கோப்புகள் போனதுபோலத்தான். இரண்டாவது, விண்டோஸ் முழுதாக அணையாமல் வேகமாக எழ உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அதை நிறுத்தாவிட்டால் விண்டோஸ் பகிர்வு பாதி உறங்கிய நிலையில் இருக்கும். அதில் எழுதினால் கோப்புகள் சிதையும். மூன்றாவது, நிறுவியில் வட்டே தெரியாவிட்டால் பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி (RST) என்ற வட்டு அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதை லினக்ஸுக்குத் தெரியும் ஏஎச்சிஐ (AHCI) முறைக்கு நேரடியாக மாற்றினால் விண்டோஸ் எழாமல் போகும். முதலில் விண்டோஸைச் சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் எழுப்பியபின் அந்த அமைப்பை நீக்குங்கள். பேக்அப் எடுக்காத கணினியில் நிறுவ மறுப்பது கடுமை அல்ல. லைவ் முறையில் (நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே) ஓட்டிக்காட்டி, அடுத்த மாதம் பேக்அப்போடு வரச் சொல்லுங்கள்.

புதிதாக வருபவர்

ஒருவருக்கு அன்று ஒரே வேலைதான் இருக்க வேண்டும்: வாசலருகே நின்று புதியவரைப் பெயர் கேட்டு உள்ளே அழைத்து, யார் பக்கத்திலாவது உட்காரவைப்பது. அவர் பயன்படுத்தும் டிஸ்ட்ரோவை (லினக்ஸ் வகையை) யாரும் குறை சொல்லக்கூடாது. அவர் கீபோர்டை நாம் பிடுங்கித் தட்டுவதும் கூடாது. சொல்லச் சொல்ல அவரே தட்டட்டும், மெதுவானாலும் சரி.

கலையும்முன் மூன்றை முடித்துவிடுங்கள். அடுத்த மாதத் தலைப்பையும் பேசுபவரையும் எல்லார் முன்னிலும் அறிவிப்பது, தீராத கேள்விகளை யார் தேடி வருவது என்று பெயரோடு குறிப்பது, கேபிள்களையும் மாற்றிகளையும் எண்ணிப் பையில் போடுவது. பையை அன்று சாவி வைத்திருக்கும் இருவரில் ஒருவர் எடுத்துப் போகட்டும்.