குளிச்சதும் வர்ற அரிப்பு நின்ன கதை - என் அனுபவம்

குளிச்சு கொஞ்ச நேரத்துலயே கை, கழுத்தெல்லாம் இழுத்துப் பிடிச்சு அரிக்கும், லோஷன் போட்டா இன்னும் எரியும். சாதா சோப்போட பிஎச் (அமிலமா காரமான்னு காட்டற அளவு, கூடுனா காரம்) 9, 10 வரைக்கும் இருக்கும், நம்ம தோலுக்கு 5 பக்கம்தான், அதனால எல்லாத்தையும் நிறுத்திட்டு வாசனை சேர்க்காத மைல்டு கிளென்சர் ஒண்ணு, கிரீம் ஒண்ணு, அவ்ளோதான்னு வச்சேன், அரிப்பு மெதுவா அடங்கிடுச்சு.

அப்புறம் ஒவ்வொண்ணா திரும்ப சேர்த்தேன். புதுசு எதுவா இருந்தாலும் முழங்கை உள்பக்கம் ஒரே இடத்துல தினம் ரெண்டு வேளை, ஒரு வாரமாவது தடவிப் பாத்துட்டுத்தான் மூஞ்சிக்கு. இதுல ஒரு 'நேச்சுரல்' லோஷன்தான் சிவக்க வச்சுது, பாட்டில் பின்னாடி என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு போட்டிருக்கற லிஸ்ட்ல பாத்தா லினலூல், லிமோனீன்னு ரெண்டு வாசனைப் பொருள்! லாவெண்டர், ஆரஞ்சு எண்ணெய்ல இயற்கையாவே இருக்கறதுதான், ஆனா காத்து பட்டு ஆக்ஸிடைஸ் ஆனா சிலருக்கு அலர்ஜி கிளப்பும். அதனால முன்பக்கம் என்ன எழுதியிருந்தாலும் சரி, பின்னாடி லிஸ்ட்ட படிங்க, அளவு அதிகமா இருக்கறதுதான் முதல்ல வரும், லிஸ்ட் சின்னதா இருந்தா எது ஒத்துக்கலைன்னு கண்டுபிடிக்கறதும் ஈஸி.

பிரிசர்வேட்டிவ்னு (கெட்டுப்போகாம இருக்க சேர்க்கறது) பாத்ததும் பயந்து ஒதுக்காதீங்க ப்ளீஸ், தண்ணி கலந்த கிரீம்ல அது இல்லைன்னா கிருமி வளந்துடும். பிரிசர்வேட்டிவே வேணாம்னா தண்ணி சேராத பாம் (balm, கெட்டியான களிம்பு), எண்ணெய் மாதிரி எடுத்துக்கோங்க, ஈரக்கை மட்டும் உள்ள விடாதீங்க.