மலை ஊரில் கவுன்சிலருக்கு நிற்பது எப்படி: பதினோரு வாக்கில் தோற்றவள் சொல்வது

கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். 2022 பிப்ரவரியில் பேரூராட்சி கவுன்சிலருக்குச் சுயேச்சையாக நின்று பதினோரு வாக்கில் தோற்றேன். அப்போது வந்தவர்களின் ஐந்து ஆண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. ஜாக்கெட் அளவு கொடுக்கிற சாக்கில், "அக்கா, நிற்கணும்னா என்ன செய்யணும்?" என்று சிலர் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆளாளுக்குச் சொல்லி மாளவில்லை, எழுதிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் வார்டு வாக்காளர் பட்டியலைக் கையில் வாங்குங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக நடங்கள். என் வார்டில் ஆயிரத்துச் சொச்சம் பெயர்கள். அதில் இறந்தவர்கள் உண்டு, கட்டிக்கொடுத்து குன்னூர் போன பெண்கள் உண்டு, திருப்பூர் பனியன் கம்பெனியில் இருப்பவர்கள் உண்டு. காகிதத்தில் ஒரே தெரு. போய்ப் பார்த்தால் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே எண்பது படி. பழைய கதவு எண், புதிய கதவு எண் குழப்பம் வேறு. முழங்கால் வலிக்குத் தைலம் வைத்துக்கொள்ளுங்கள், கிண்டலுக்குச் சொல்லவில்லை.

எப்போது போவது என்பதும் முக்கியம். தேயிலை பறிக்கிறவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பனிமூட்டம் இறங்கிவிடும், பாதையில் காட்டெருமை நிற்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமையை விடாதீர்கள். மற்ற நாளில் இலை எடை போடும் இடத்துக்குப் போங்கள், எடைக்குக் காத்திருக்கிற நேரத்தில் நின்று பேசுவார்கள். ஹட்டிக்கு, அதாவது படுகர் மக்களின் ஊருக்குப் போனால் முதலில் பெரியவர்களிடம் தலை குனிந்து ஆசி வாங்குங்கள், அது அங்கே மரியாதை. டீ கொடுத்தால் மறுக்காதீர்கள். ஒரு ஞாயிறு நான் பதினேழு டீ குடித்தேன், இரவு முழுக்கத் தூக்கம் இல்லை.

மனு தாக்கல் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. 21 வயது ஆகியிருக்க வேண்டும். உங்கள் பெயர் அதே பேரூராட்சியின் ஏதாவது ஒரு வார்டுப் பட்டியலில் இருந்தால் போதும். ஆனால் முன்மொழிகிறவர் நீங்கள் நிற்கிற வார்டின் வாக்காளராகவே இருக்க வேண்டும். நான் கூட்டிப் போக இருந்த தோழி எதிர் வரிசை வீட்டுக்காரி, சாலைக்கு அந்தப் பக்கம் வேறு வார்டு! நல்லவேளை, கிளம்பும் முன் பட்டியலைப் பார்த்துவிட்டேன். சொத்து, வழக்கு விவரங்களுக்கு உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். போன முறை டெபாசிட் பேரூராட்சிக்கு 1000 ரூபாய், ஊட்டி, குன்னூர் மாதிரி நகராட்சிக்கு 2000. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கீடு, எனவே உங்கள் வார்டு எந்தக் கணக்கில் வருகிறது என்று பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

அப்புறம் சின்னம். சுயேச்சைகள் தங்களுக்கென்று இருக்கிற சின்னப் பட்டியலிலிருந்துதான் கேட்க வேண்டும், கேட்டது கிடைக்கும் என்று உறுதியில்லை. நான் கிடைத்துவிட்டதாகவே நினைத்து ஐந்நூறு நோட்டீஸ் அடித்துவைத்தேன். அதையே இன்னொருவரும் கேட்க, குலுக்கலில் அவருக்குப் போனது. எனக்கு வந்த சின்னம், படத்தில் பார்த்தால் பட்டமா பலகாரமா என்று தெரியாது. பாட்டிகளுக்கு அதைத் துணியில் வெட்டித்தான் காட்டினேன். அந்த ஐந்நூறு நோட்டீஸும் இன்றும் கடையில் பேட்டர்ன் வரைய உதவுகின்றன.

நாட்களையும் எண்ணிப் பாருங்கள். 2022-ல் மனு வாங்கியது ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை. வாபஸ் பிப்ரவரி 7. பிரசாரம் 17-ஆம் தேதி மாலை முடிந்தது. சின்னத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்கக் கிடைத்தது பத்தே நாள். நோட்டுப் புத்தக வேலையை அதற்குள் செய்ய முடியாது, அதனால்தான் அதை இப்போதே ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

வாக்குப்பதிவு 19-ஆம் தேதி, சனிக்கிழமை, காலை 7 மணிக்கு. அதற்கு முன்பே எந்திரத்தைச் சோதிக்க மாதிரி வாக்குப்பதிவு நடக்கும், உங்கள் சார்பில் உட்காருகிற பூத் ஏஜெண்ட் அங்கே இருந்தே ஆக வேண்டும். யாருக்குப் போட்டோம் என்று காட்டும் சீட்டு அந்தத் தேர்தல் எந்திரத்தில் கிடையாது, மாதிரியைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. விடிகாலைக் குளிரில் எழுந்து வருகிற ஆளாகப் பாருங்கள். ஸ்வெட்டர், குல்லா, பிளாஸ்க் நீங்களே கொடுத்துவிடுங்கள். முகம் பார்த்து ஆளைச் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். என் ஏஜெண்ட் கேஸ் சிலிண்டர் போடுகிற தம்பி, அவனுக்குத் தெரியாத வீடே கிடையாது.

சரி, அந்தப் பதினோரு வாக்கு. வெளியூர் ஆட்கள் என்று என் நோட்டில் இருபத்து மூன்று பெயர். வண்டி வைத்து வாக்காளரை அழைத்து வருவது குற்றம், போன் பேசுவது குற்றமில்லை. ஆனால் நான் பேசியதே முந்தின நாள் ராத்திரி. ஆறு பேர் மேட்டுப்பாளையம் வந்து பஸ் மாறி மேலே வந்தார்கள். மற்றவர்கள், "பத்து நாள் முன்னாடி சொல்லியிருந்தால் லீவு போட்டிருப்போமே அக்கா" என்றார்கள். எண்ணிக்கை 22-ஆம் தேதி. நானும் எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

ஜெயித்தால் இன்னொரு தேர்தல் இருக்கிறது. தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். போன முறை அது மார்ச் 4. பிரான்சிலும் சின்ன ஊர்களில் மேயரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுப்பார்களாம், புதுச்சேரியிலிருந்து அங்கே போன சித்தி மகன் சொன்னான். இரண்டு பக்கமும் சமமாக நிற்கிற ஊரில் ஒற்றைச் சுயேச்சைக்கு வருகிற மவுசு அங்கேயும் உண்டா என்று அவனிடம் கேட்க மறந்துவிட்டேன்.

தோற்றாலும் வேலை முடியவில்லை. முடிவு வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் மூன்று வருடம் நிற்க முடியாது. டீக்கடை பில்லைக்கூடச் சேர்த்துவையுங்கள். ஆறில் ஒரு பங்கு வாக்குக்குக் குறையாமல் வாங்கியிருந்தால் டெபாசிட் திரும்ப வரும். அதற்கு ரசீது வேண்டும். என்னுடையது தையல் மிஷின் டிராயரில் பாபின் டப்பாவுக்கு அடியில் கிடந்தது. தேடி எடுக்க இரண்டு நாள் ஆனது.