பழைய ரேடியோ கட்டுப்பாட்டுக் காரைச் சீரமைத்து மெருகேற்றும் முறை

1980-களில் வெளிவந்த மின்மோட்டார் ரேடியோ கட்டுப்பாட்டுக் கார் ஒன்று பரணிலிருந்து கைக்கு வந்ததும், பேட்டரியை மாட்டி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் யாருக்கும் எழும். அந்த ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். நீண்ட காலம் அசையாமல் நின்ற கியர்பாக்ஸில் கிரீஸ் மெழுகுபோல் இறுகியிருக்கும். கம்பிகளின் மேலுறை வெடித்திருக்கும். அந்த நிலையில் மின்சாரம் பாய்ச்சினால், எளிதில் காப்பாற்றியிருக்கக்கூடிய பல்சக்கரம் முறிந்துபோகலாம்.

முதல் வேலை மாதிரியை அடையாளம் காண்பது. காரின் அடிச்சட்டமான சேசிஸின் அடிப்பகுதியில் நிறுவனத்தின் பெயர் வார்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானிய நிறுவனமான டமியாவின் கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் ஆகிய இரண்டும் 1984-இல் வந்தவை. பல பாகங்கள் இரண்டுக்கும் பொதுவானவை. ஆயினும் கிராஸ்ஹாப்பரின் மேற்கூடு கடினப் பிளாஸ்டிக்கால் ஆனது, ஹார்னெட்டின் மேற்கூடு மெல்லிய பாலிகார்பனேட்டால் ஆனது. ஆகவே பெயின்ட் அடிக்கும் முறையும் ஒட்டும் பசையும் வேறுபடும். இவ்விரண்டு மாதிரிகளும் 2000-களில் மறுபடியும் தயாரிக்கப்பட்டதால், உடைந்த பாகத்துக்கு மாற்று கிடைக்கும் வாய்ப்பு நன்றாகவே உள்ளது. மறுவெளியீடு காணாத மாதிரியாக இருந்தால், ஒவ்வொரு பாகத்தையும் திரும்பக் கிடைக்காத ஒன்றாகவே நடத்த வேண்டும்.

கழற்றத் தொடங்கும் முன் நான்கு பக்கமும் புகைப்படம் எடுங்கள். ஒவ்வொரு பகுதியின் திருகுகளையும் தனித்தனி உறையில் பெயரெழுதி வையுங்கள். ஜப்பானியக் கார்களின் திருகுத்தலை பார்வைக்குச் சாதாரணக் கூட்டல்குறி போலிருந்தாலும், அது ஜேஐஎஸ் என்னும் ஜப்பானியத் தரத்தில் அமைந்தது. பிலிப்ஸ் திருப்புளியின் முனை அதில் முழுமையாக அமராமல் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். என் முதல் காரில் இதை அறியாமல் நான்கு திருகுகளைக் கெடுத்து, அவற்றைத் துளையிட்டு எடுக்க ஒரு மாலை முழுவதையும் செலவழித்தேன். ஜேஐஎஸ் திருப்புளி ஒன்றை வாங்குவதே இந்த வேலையின் மிகச் சிறந்த முதலீடு என்பது என் கருத்து. திரும்பப் பூட்டும்போது, பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகை முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுழற்றுங்கள். பழைய மரையில் அது விழும் சிறு அசைவு கைக்குத் தெரியும். அதன் பிறகே வலப்பக்கம் முடுக்க வேண்டும். இல்லையெனில் திருகு புதிய மரை வெட்டிக்கொண்டு இறங்கும். சில முறை அப்படி நடந்தால் துளை பிடிமானத்தை இழந்துவிடும்.

பிளாஸ்டிக் பாகங்களுக்கு வெதுவெதுப்பான சோப்புநீரும் பழைய பல்துலக்கியும் போதும். அசிட்டோன், கடினப் பிளாஸ்டிக் வகையான ஏபிஎஸ்ஸையும் பாலிகார்பனேட்டையும் அழித்துவிடும் என்பதால் அதை அருகில்கூட வைக்காதீர்கள். பேட்டரிப் பெட்டியில் வெண்பொடி படிந்திருந்தால், அது நிக்கல்-காட்மியம் அல்லது ஆல்கலைன் செல்லிலிருந்து கசிந்த காரத்தின் எச்சம். கையுறை அணிந்து, வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்தபின் நீரால் துடைத்து உலர்த்துங்கள். காட்மியம் நச்சுப்பொருள், பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் பேட்டரி மறுசுழற்சிக்கே கொடுக்க வேண்டும். அசோசியேட்டட் ஆர்சி10 போன்ற கார்களின் பொன்னிற அலுமினியச் சேசிஸைக் காரம் கலந்த துப்புரவுத் திரவத்தால் கழுவினால், அந்த நிறப்பூச்சே கரைந்து போய்விடும்.

சஸ்பென்ஷன் கைகள் பெரும்பாலும் நைலானால் ஆனவை. நைலான் தன்னுள் இருக்கும் ஈரத்தால்தான் நெகிழ்ச்சியோடு இருக்கிறது. காய்ந்தால் நொறுங்கும் தன்மை கூடிவிடும். நைலான் என்று உறுதியாகத் தெரிந்த பாகங்களை மட்டும் கொதிநீரில் சிறிது நேரம் இட்டு, அந்த நீரிலேயே ஆறவிட்டால் ஓரளவு நெகிழ்ச்சி திரும்பும். ஏபிஎஸ் பாகத்தை அவ்வாறு செய்தால் அது வளைந்துவிடும். உலோகத் திருகுகளைப் பூட்டும் மரைப்பசையும் ஏபிஎஸ், பாலிகார்பனேட் ஆகியவற்றில் விரிசலை உண்டாக்கும். அதை உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

கியர்பாக்ஸில் பழைய கிரீஸை முழுவதும் அகற்றி, பிளாஸ்டிக்குக்கு ஊறு செய்யாத கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். அச்சைத் தாங்கும் பிளாஸ்டிக் அல்லது உலோகப் புஷ்களை நீக்கி, அதே அளவுள்ள பால் பேரிங்குகளைப் பொருத்துவது நான் தயங்காமல் பரிந்துரைக்கும் மாற்றம்; வெளியே தெரியாது, எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாற்றலாம், உராய்வு வெகுவாகக் குறையும். அதிர்வைத் தணிக்கும் எண்ணெய் டேம்பர்களில், கசிவைத் தடுக்கும் ஓ-வளையத்தையும் சிலிக்கோன் எண்ணெயையும் மாற்றினால் போதுமானது. விரிசல் விட்ட டயர்களை மீட்க வழியில்லை. அலமாரிக் காட்சிக்கு மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

மின்பகுதியில்தான் மாற்றங்கள் மிகவும் பயனளிக்கின்றன. பழைய கார்களில் சர்வோ என்னும் சிறு மோட்டார் கருவி, மின்தொடுமுனையை நகர்த்தி வேகத்தைக் கட்டுப்படுத்தும். குறைந்த வேகத்தில் மிஞ்சும் ஆற்றல் மின்தடையத்தில் வெப்பமாக வீணாகும். அதற்குப் பதிலாக மின்னணு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தினால் ஓட்டம் சீராகும், பேட்டரியும் அதிக நேரம் நிற்கும். 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோக் கருவியின் இடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் வந்தால் அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டலை மாற்றும் தொல்லையும் குறுக்கீடும் அகலும். பழைய ஆண்டெனாக் குழாயைத் தோற்றத்துக்காக அப்படியே விட்டுவைக்கலாம். அது இல்லாத பழைய கார் ஏதோ குறைபட்டதாகவே என் கண்ணுக்குத் தெரிகிறது. பேட்டரிக்கு 7.2 வோல்ட் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பொருத்தமானது. 7.4 வோல்ட் லித்தியம் பாலிமர் விரும்புவோர், செல்லுக்கு ஏறக்குறைய 3 வோல்ட்டில் மின்னோட்டத்தை நிறுத்தும் வசதி வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் உள்ளதா என்று உறுதிசெய்யுங்கள். பழைய தொடுமுனைக் கட்டுப்பாட்டில் அந்த வசதி கிடையாது என்பதால் அதோடு லித்தியம் பேட்டரியை இணைக்கவே கூடாது.

மோட்டாரின் இருமுனைப் புஷ்களிலும் ஒவ்வொரு துளி மெல்லிய எண்ணெய் இட்டு, காரிலிருந்து தனியே கழற்றிய நிலையில் 3 வோல்ட்டில் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். மோட்டாருக்குள் மின்சாரத்தை வாங்கிச் சுழலும் பகுதியான கம்யூட்டேட்டரில் எண்ணெய் படக்கூடாது. 380 என்னும் சிறிய அளவு மோட்டாருடன் வந்த கிராஸ்ஹாப்பரில் அதைவிடப் பெரிய 540 மோட்டாரைப் பொருத்துவது பலரும் செய்யும் மாற்றம். அதற்கும் மேலான ஆற்றலுள்ள பிரஷ்லெஸ் (கார்பன் தொடுமுனை இல்லாத) மோட்டாரைப் பழைய கியர்பாக்ஸில் பூட்ட வேண்டாம் என்றே சொல்வேன். நாற்பது வயதுப் பிளாஸ்டிக் அந்த முறுக்குவிசைக்காக வடிவமைக்கப்பட்டதன்று. கழற்றிய மூலப் பாகங்கள் அனைத்தையும் பெயரெழுதிய ஒரே பெட்டியில் பாதுகாத்து வையுங்கள்.

பாலிகார்பனேட் கூட்டுக்கு உட்புறத்தில் பெயின்ட் அடிக்க வேண்டும். அடர்நிறம் முதலில், வெளிர்நிறம் பிறகு, எல்லாவற்றுக்கும் பின்னால் வெள்ளை. கடினப் பிளாஸ்டிக் கூட்டுக்கு வெளிப்புறத்தில் பிரைமரும் அதன்மேல் பல மெல்லிய பூச்சுகளும் தேவை. ஸ்டிக்கரை ஒட்டும் முன் பரப்பில் சோப்புநீர் தெளித்தால், அதைச் சரியான இடத்துக்கு நகர்த்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

முதல் ஓட்டத்தை ஐந்து நிமிடத்தில் நிறுத்தி, மோட்டாரின் சூட்டையும் சக்கர நட்டுகளையும் சோதியுங்கள். மோட்டார் தொடமுடியாத அளவு கொதித்தால், மோட்டார் அச்சிலுள்ள சிறு பல்சக்கரமான பினியனுக்கும் அது சுழற்றும் பல்சக்கரத்துக்கும் இடையில் காகிதக் கனமளவு இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்த பிறகே மறுபடியும் ஓட்ட வேண்டும்.